செருப்புப் போலீஸிடம் சொல்லிவிட்டு வா

அன்பு மகள் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது, அதை விடு. நீயும் உன்னோடு ஊழியத்துக்கு வந்தவர்களும் அந்த இல்லத்துக் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா முழங்கால் போட்டு ஜெபிக்கிறாள், நான் கடையில் செருப்புக்குத் தோல் வெட்டிக்கொண்டே ஜெபிக்கிறேன், இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று சொன்னால் முறைக்கிறாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உங்கள் பக்கத்து லைன் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்தாலும் சாப்பிட்டாயா தூங்கினாயா இளைத்துவிட்டாயா என்று உன் அம்மா கேட்டு முடித்து என் கையில் கொடுக்கும்போது அது செத்துப்போயிருக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். அதனால் நம் சபையிலிருந்து அடுத்து அங்கே வரும் குழுவில் இருக்கிற பல் டாக்டரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார், நீயும் ஒரு தடவை வாயைத் திறந்து காட்டு, கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

வீட்டுச் செய்தி முதலில். அக்கா ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், மாப்பிள்ளைக்கும் காலை ஷிப்டு, ஆகவே அவர்கள் பிள்ளை நண்டு பகல் முழுக்க எங்கள் தலையில். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள் இப்போது ஓடுகிறாள், ஓடுவது மட்டுமல்ல, கடைக்கு வந்தால் ஆணி டப்பாவைக் கவிழ்க்காமல் திரும்புவதில்லை. ஆரம்பத்தில் அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடே ரெண்டுபடும். அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அந்தக் கத்து கத்துவாள், நண்டு என்று சும்மாவா பேர் வைத்தாய் நீ. அதற்கு உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள், எல்லா வீட்டிலும் இருக்கிற வழிதான். கிளம்பும் நேரத்துக்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூனையைக் காட்டுகிறேன் என்று கொல்லைப்பக்கம் போக வேண்டும், அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நழுவ வேண்டும். கொஞ்ச நாள் ஜோராக நடந்தது. பிள்ளையை ஏமாற்றிய பெருமையில் நானும் உன் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா, நண்டுக்குப் பூனை பிடிக்காமல் போய்விட்டது. நிஜமாகவே பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்து, நான் வெள்ளந்தியாக அதோ பார் பூனை என்று சொன்னாலும், அவள் அதைப் பார்க்கமாட்டாள், முன்வாசலுக்குத்தான் ஓடுவாள். அக்கா வீட்டில் இருக்கும் நாளிலும் அப்படித்தான். அக்கா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். துணி காயப்போடப் போனால் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள். ஒரு நாள் அக்காவே வெறுத்துப்போய், வருவது வரட்டும் என்று, குழந்தையை எதிரே நிற்கவைத்து, அம்மா வேலைக்குப் போறேன், சாயங்காலம் வருவேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நண்டு போட்ட கூச்சலில் பக்கத்துச் சாவிக்கடைக்காரர் யாரையாவது அடிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மறுநாளும் அழுதாள். அதற்கடுத்த வாரம் அழுகை குறைந்து சிணுங்கலானது. இப்போது கையாட்டிவிட்டு நேராக என் ஆணி டப்பாவுக்கு வந்துவிடுகிறாள். பூனையோடும் சமாதானம் ஆகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், உன் போன கடிதத்தை இதற்கப்புறம் இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவன் நான்தான். அந்த இல்லத்துப் பொடிசு உங்கள் செருப்புகளை ஒளித்துவைக்கிறாள், அதுவும் ஜோடியில் ஒன்றை மட்டும், நீங்கள் அவளுக்குச் செருப்புப் போலீஸ் என்று பேர் வைத்திருக்கிறீர்கள், உன் இடது கால் செருப்பு ஒரு நாள் துணிக்கூடையில் கிடைத்தது, இன்னொரு நாள் விறகுக்கு அடியில் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த செருப்பு ஈர விறகில் கிடக்கிறதே, தோல் என்னத்துக்கு ஆகும் என்று உன் அம்மாவிடம் கத்தக்கூடச் செய்தேன். அதே கடிதத்தில் வேறொரு பக்கத்தில் நீ எழுதியிருந்ததை அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை. க்ரீம் பிஸ்கட் கொடுக்கும் நாளில் பிள்ளைகள் ஏனோ அமைதியாகிவிடுகிறார்கள், கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார்கள், உடம்பு சரியில்லையோ என்று பார்த்தால் காய்ச்சலும் இல்லை என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில், ஊழியக்காரர்கள் ஊருக்குத் திரும்பும் நாளில் பிள்ளைகள் அழக்கூடாது என்று அவர்களை ஹாலில் உட்காரவைத்து பாட்டும் பிஸ்கட்டும் கொடுப்பது அங்கே வழக்கம், பாட்டு முடிவதற்குள் வண்டி கிளம்பிவிடும், நானும் அப்படித்தான் வரப்போகிறேன் அப்பா, நினைத்தாலே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய்.

அம்மாடி, அந்தப் பிஸ்கட்தான் நம் வீட்டுப் பூனை. பிஸ்கட் வந்தால் யாரோ போகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும் என்பது தெரியவில்லை. அந்தப் பொடிசை அவள் அம்மா ரொட்டி வாங்கிக்கொண்டு இதோ வருகிறேன் என்று சொல்லி அந்த வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போனவள் என்று முன்னொரு தடவை சொன்னாயே. அவள் குறும்பு செய்யவில்லை சின்னவளே. ஒற்றைச் செருப்போடு யாரும் தூரம் போகமுடியாது என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அது புரிந்ததும் அன்றைக்கு என்னால் கடையில் ஒரு தையல்கூட நேராகப் போடமுடியவில்லை, ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே இன்னொரு கூத்தைக் கேள். அடுத்த குழுவுக்குச் சாமான் கட்டும் கூட்டம் சபை ஹாலில் நடந்தது. நான் உன் அம்மாவுக்குத் துணையாகப் போய் மூலையில் உட்கார்ந்திருந்தேன், வழக்கம்போல் டீக்காகத்தான். மேஜைமேல் ஸ்கூல் பைகள், பல்துலக்கும் பிரஷ்கள், அதற்குப் பக்கத்தில் மலையாக க்ரீம் பிஸ்கட். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நான் எழுந்து நின்று பேசினேன் என்றால் நீ நம்பமாட்டாய், உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்ததை நம்புவாய். பூனை கதையையும் செருப்பு கதையையும் சொன்னேன். கொஞ்சம் உளறியும் இருப்பேன். முடித்ததும் சபை மூப்பர், நல்ல மனுஷன்தான், பிள்ளைகள் அழுதால் அங்கே யார் தேற்றுவது, நாம் உதவப் போகிறோமா அழவைக்கப் போகிறோமா என்று கேட்டார். அப்போது ஆர்கன் வாசிக்கிற நம் மியூசிக் டீச்சர், கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, நான் இப்படி ஒரு இல்லத்தில் வளர்ந்தவள் என்றார். இத்தனை வருஷத்தில் எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஹாலில் டீ ஆறிக்கொண்டிருந்தது, யாரும் குடிக்கவில்லை. அவர் மூப்பரைப் பார்த்து, "அழுறது ரெண்டு நாள்ல நின்னுடும் ஐயா. தேடுறதுதான் நிக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூப்பர், அப்படியானால் போய் இறங்கிய அன்றைக்கே பிள்ளைகளிடம் எத்தனை நாள் இருப்போம் என்று சொல்லிவிடலாம், பிஸ்கட்டையும் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார். பாஸ்டர் அதையே முடிவாக்கி ஜெபம் பண்ணினார். ஆக இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிட்டிருப்பார்கள், யாரும் எங்கேயும் போயிருக்கமாட்டார்கள். அவர்கள் வாசலைப் பார்த்தார்களா, பிஸ்கட்டைப் பார்த்தார்களா என்று எனக்கு எழுது.

இனி உனக்கு. இல்லத்து அம்மாவோடு சண்டைக்குப் போகாதே, உனக்கு என் கோபம் கொஞ்சம் வந்து சேர்ந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். நீங்கள் எல்லாம் வருகிறீர்கள் போகிறீர்கள், அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது அந்த அம்மாதான். மழை வந்தால் தெருவே சாக்கடையாகிற இடத்தில் இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஸ்கூலுக்கு அனுப்புகிறவருக்கு நாம் பாடம் எடுக்கப் போகக்கூடாது. இரண்டு பேரும் துணி துவைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சைக் கொடு, நண்டுவைப் பற்றிச் சொல்லு. சம்மதிப்பார் என்றுதான் என் மனசு சொல்கிறது. சம்மதித்ததும் நாளைத் தள்ளிப்போடாமல், கிளம்புவதற்குப் பல நாள் முன்பே அந்தப் பொடிசை எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிடு. அப்பா அம்மாவிடம் போகிறேன், எங்கள் ஊர் ஸ்கூலில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லு. நீ போவது அவள் தப்பால் இல்லை என்று சொல்லு. நம் வாய்ப் பழக்கத்தில் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அடுத்த லீவில் வர உத்தேசம் இருந்தால் அதை அப்படியே சொல்லு, இல்லாவிட்டால் வேண்டாம். அழுவாள். கடிப்பாள்கூட. நீயும் அழு, அவள் பார்க்கட்டும், தன்னை விட்டுப் போகிறவளுக்கும் வலிக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு ஒருத்தராவது காட்டட்டும். நீ போன அன்றைக்கு ஏர்போர்ட் வாசலில் எங்களைக் கட்டிக்கொண்டு, போறேம்மா, போறேம்பா என்று ஓவென்று அழுதாயே, சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள், எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதனால்தான் உன் அம்மா வீட்டுக்கு வந்து உன் படுக்கையை மடித்துவைத்துவிட்டுத் தூங்கினாள். சொல்லாமல் போயிருந்தாயானால் இன்றைக்கும் விரித்தபடியேதான் இருக்கும்.

எனக்கு நீ வர வேண்டும், அதை மறைப்பானேன். கடையில் உன் குரல் இல்லாமல் வாடிக்கைக்காரர்களிடம் எரிந்து விழுகிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பாட்டில் உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கமாக வருகிற மகள் எனக்கு வேண்டாம், முன்வாசல் வழியாக வருகிறவள் போதும். ஒரு விமானம் தவறினாலும் பரவாயில்லை.

அம்மா போர்வையும் இருமல் மருந்தும் அனுப்பியிருக்கிறாள், அக்கா நண்டுவின் கை அச்சைப் பேப்பரில் எடுத்து வைத்திருக்கிறாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. பல் டாக்டரிடம் வாயைத் திற, மறந்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் தலைமேல் அவர் கை எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கிளம்புகிற அன்றைக்கும் செருப்பில் ஒன்றைக் காணவில்லை என்றால் துணிக்கூடையிலும் விறகிலும் தேடாதே, யாரையும் தேடவிடாதே. அந்தப் பொடிசு தானாக எடுத்து வந்து கொடுத்தால் போட்டுக்கொண்டு வா. கொடுக்காவிட்டால் அது அவளிடமே இருக்கட்டும். உன் கால் அச்சு கடையில்தான் இருக்கிறது, நேற்றே இடது காலுக்குத் தோல் வெட்டிவிட்டேன். நீ ஒற்றைச் செருப்போடு இறங்கி வா, நான் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு நிற்கும்
அப்பா