பிரிக்காமல் வைத்திருந்த பெட்டி

என் அன்பு வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வண்டியும் ஜன்னல் கழுவும் நீளக் கம்பும் சுகம். அங்கே நீயும் உன் அறைத்தோழியும் சுகமா? உன் இருமலைச் சுகம் விசாரிக்க எனக்கு விருப்பமில்லை, அது கிளம்பிப் போய்விட்டது என்று நீ எழுதினால் போதும். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் புகுந்து பேசிவிடுகிறாய், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீ புக முடியாது. அதனால் சமையலறை மேஜையைத் துடைத்து, நல்ல பேனாவாகத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன் செய்யும்போதெல்லாம் "மெஷினை மாட்டியாச்சாம்மா?" என்று கேட்கிறாய். நானும் ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றியோ பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றியோ பேசி நழுவிவிடுகிறேன். விஷயம் இதுதான், தண்ணீரிலிருந்து உப்பை எடுக்க நீ அனுப்பிய மெஷினை நான் மாட்டவில்லை. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. கோபப்படாமல் கடைசி வரை படி. முதலிலிருந்து சொல்கிறேன், பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரிகிறது.

நீ இங்கே இருந்தபோது நாம் தண்ணீர் பிடித்த மருந்து கம்பெனி ஊருக்கு வெளியே இடம் மாறிப் போய்விட்டது அல்லவா, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அங்கே கிடைத்த மாதிரி உப்பே இல்லாத தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தேடி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குடிதண்ணீர் கம்பெனிக்குப் போனேன். வாசலிலேயே 'சுத்திகரிக்கப்பட்டது' என்று பெரிய போர்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் நம் மீட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதன் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. சரி என்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். ரொம்ப ருசியாக இருந்தது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், சுத்தமான தண்ணீருக்கு ஏது ருசி? இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்து என்ன பயன், நாக்கில் பட்டதும் புத்தி மழுங்கிவிட்டது. டேங்க் நிறைய வாங்கிக்கொண்டு போய்ப் பல் டாக்டருடைய மூன்று மாடி ஜன்னல்களையும் கழுவினேன். நம் தொழிலில் துடைப்பது கிடையாதே, கம்பின் நுனியில் இருக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அதிலேயே வரும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு விட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதானே. கிளம்பும்போது கண்ணாடியெல்லாம் பளபளவென்று இருந்தது, தப்பு நடந்திருப்பது காய்ந்த பிறகுதான் தெரியும், அப்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். மறுநாள் காலை டாக்டர் போன் செய்தார். "என்னம்மா, என் ஜன்னலுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கு?" என்றார். போய்ப் பார்த்தால் வெயிலில் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. "பல்லுல இருக்கற கறையை எடுக்கறவன் நான், ஜன்னல்ல கறையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எவன் வாயைத் திறப்பான்?" என்று கேட்டார், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. குடிதண்ணீர் கம்பெனிக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் சிரிக்கிறான். "ருசிக்காகக் கடைசியில கொஞ்சம் உப்புச்சத்து சேர்ப்போம்மா. நீங்க இதை ஜன்னலுக்குக் குடிக்கக் குடுப்பீங்கன்னு யாரு கண்டா?" என்றான்.

டாக்டருடைய வேலையைத் திரும்பச் செய்து கொடுக்க வேண்டுமே. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒன்றும் கலந்திருக்காது என்று ஞாபகம் வந்து பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கினேன். அந்தக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு பேட்டரியை எங்கம்மா வெச்சிருக்கீங்க, ரயிலா ஓட்டறீங்க?" என்று கேட்டார். கேன்களைக் கடையிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து டேங்குக்கும் தூக்கித் தூக்கித்தான் எனக்கு அந்த முதுகு வலி வந்தது. அதை உன்னிடம் போனில் உளறியிருக்கக் கூடாது. நான் 'அம்மாடி' என்று உட்கார்ந்த சத்தம் உனக்குக் கேட்டுவிட்டது, அப்புறம் நீ தோண்டித் துருவி எல்லாவற்றையும் வாங்கிவிட்டாய்.

ஆனால் நீ அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்கவில்லை. பேட்டரிக் கடைக்காரரே ஒரு வழி சொன்னார். வளர்ப்பு மீன் விற்கும் ஒரு அக்கா முன்பெல்லாம் அவரிடம்தான் இந்தத் தண்ணீர் வாங்குவாராம், இப்போது சொந்தமாகவே மெஷின் வைத்துத் தயார் செய்துகொள்கிறாராம். அங்கே போனேன். இருட்டான நீளக் கடை, இரண்டு பக்கமும் விளக்குப் போட்ட கண்ணாடித் தொட்டிகள், நடுவில் ஒரு முக்காலியில் மீன்கடை அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், குரல் மட்டும் லாரி ஹாரன். "என் மீனு ஒண்ணு ஒண்ணும் மகாராணி. குழாய்த் தண்ணியில விட்டா மூஞ்சியைத் திருப்பிக்கும்" என்றார். வெறும் தண்ணீராக எடுத்து மேல் தொட்டியில் வைத்துக்கொள்கிறார், எந்த மீனுக்கு எந்த உப்பு எவ்வளவு என்று பிறகு தானே அளந்து கலக்கிறார். அந்த மேல் தொட்டித் தண்ணீரை மீட்டரில் போட்டேன், புது பேட்டரி வாங்கியிருந்தேன், ஏறக்குறைய பூஜ்யம். மிச்சம் இருக்கும் துளி உப்பை வண்டியில் இருக்கும் நம் சின்ன வடிகட்டி, அந்த ரெசின் குடுவை, பிடித்துக்கொள்கிறது; குடிதண்ணீர் கம்பெனி உப்புக்குத்தான் அது ஈடு கொடுக்கவில்லை. பதிலுக்கு நான் வாரம் ஒரு முறை அவர் கடையின் முன்கண்ணாடியையும் தொட்டிகளின் வெளிப்பக்கத்தையும் கழுவித் தருகிறேன். முதல் தடவை கழுவியதும், "ஏம்மா, கண்ணாடி இருக்கறதே தெரியல, மீனெல்லாம் ரோட்டுக்கு நடந்து வந்துடப்போவுது" என்றார். இதில் முக்கியமானது என்னவென்றால் அங்கே நான் எதையும் தூக்குவதில்லை. வண்டியை வாசலில் நிறுத்தினால் மேலிருந்து ஒரு பைப் வருகிறது, டேங்க் தானாக நிறைகிறது. முதுகு வலி போய்விட்டது. நீ மெஷின் வாங்கியபோது எனக்கு வலி இருந்தது உண்மை. அது வீடு வந்து சேர்ந்தபோது வலி இல்லை.

அந்தப் பைப் ஒல்லி, டேங்க் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அக்காவும் நானும் பேசிக்கொண்டிருப்போம். உன்னிடம் மறைக்க வேண்டாம், ஒரு நாளில் நான் மனிதர்களோடு பேசுவது அப்போது மட்டும்தான். காலையில் என்னிடம் முதலில் பேசுவது மீட்டர், அதுவும் 'பூஜ்யம்' என்று ஒரே வார்த்தை. வேலையிலோ எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் கீழே கம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறேன், மேலே வாய்கள் அசைகின்றன, சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒரு சத்தமும் கேட்பதில்லை. ஒரு ஆபீஸின் மூன்றாம் மாடியில் ஒரு பெண் பிரஷ் வரும்போதெல்லாம் திரையை இழுத்துவிடுவாள். கணக்குப் பிரிவில் ஒருவர் கையால் டீ குடிப்பது போல் காட்டி வேண்டுமா என்று கேட்பார், நானும் ஆசையாகத் தலையாட்டுவேன், அவர் அப்புறம் மறந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் மறப்பார், நானும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுகிறேன். நீ இருந்தபோது எதிர் நடைபாதையில் நின்று, "இன்னும் இடது பக்கம்மா, அந்த மூலை, அந்த மூலை" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாயே, அப்போது மானம் போகிறது என்று உன்னைத் திட்டினேன். இப்போது மேல் மூலைகளை நானே குத்துமதிப்பாகத்தான் தேய்க்கிறேன்.

மெஷின் வந்த அன்று நீ போனில் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். "டிக்கெட்டுக்கு வெச்சிருந்த காசு நல்ல காரியத்துக்குப் போச்சும்மா, அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன், இனிமே நீ தண்ணிக்காக எங்கேயும் அலைய வேண்டாம்" என்றாய். நானும் "ரொம்ப சந்தோஷம்டி" என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போன வருடம் வேலை புதிது என்று நீ வரவில்லை, இந்த வருடம் உனக்குப் பதிலாக அது வந்து கூடத்தில் நிற்கிறது, ஏறக்குறைய உன் உயரத்துக்கு. பிளம்பர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்து, சுலபமான வேலை, உடனே முடித்துவிடலாம் என்றார். எனக்கு ஏனோ கை வரவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மாட்டினால் மீன்கடைக்குப் போக வேண்டியிருக்காது, அந்தப் பேச்சும் போய்விடும், அதற்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன். பெட்டி மேல் சாவி வைத்தேன், செய்தித்தாள் வைத்தேன், அது பாட்டுக்கு ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் வீட்டைப் பூட்டும்போது அதைத் திரும்பிப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கிறேன், வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்யாமலே இருந்தேன்.

அன்றைக்கு மீன்கடையில் டேங்க் நிறைந்துகொண்டிருக்கும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் மாட்டினால் உங்களைப் பார்க்க வர முடியாதே, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றேன். அவர் மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு, "அடியே, நீ என்னைப் பாக்கவா வர்றே? வந்ததுலேருந்து போறவரைக்கும் உன் பொண்ணு கதைதானே. அவ சின்ன வயசுல சோப்புத் தண்ணிய குடிச்சது, அவ ஏணியில ஏறி இறங்க மாட்டேன்னு அழுதது, எனக்கு மனப்பாடம். என் மீனுக்கே அவளை அடையாளம் தெரியும். பேச ஆள் கிடைச்சா போதும்னா ரேடியோ வாங்கி வெச்சுக்க. உனக்கு வேண்டியது நானும் இல்ல, அந்தப் பொட்டியும் இல்ல. போயி திருப்பிக் குடுத்துட்டு அவளை வரச் சொல்லு" என்று ஹாரன் அடித்தார். கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளர் பயந்து வெளியே போய்விட்டார். எனக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு அவர் சொல்வது சரி என்று பட்டது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வருவதைவிட அனுப்புவது உனக்குச் சுலபமாகிவிட்டதோ என்று தோன்றியது. இப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். உன் முதல் நல்ல சம்பளத்தில் டிக்கெட்டுக்குச் சேர்த்த காசில் உனக்கென்று ஒரு செருப்புக்கூட வாங்காமல் என் முதுகுக்காக அதை வாங்கியவள் நீ, எனக்குத் தெரியும். அப்படியும் நினைத்தேன். அந்த அளவுக்கு இங்கே நாட்கள் நீளமாக இருக்கின்றன.

அதனால் மெஷின் விற்ற கடைக்கு நானே போன் செய்து கேட்டேன். "பெட்டியைப் பிரிக்காம இருந்தா இந்த மாசத்துக்குள்ள எடுத்துக்கறோம்மா, பணம் உங்க பொண்ணு கணக்குக்கே திரும்பிப் போயிடும்" என்றார்கள். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் நான் என்றைக்காவது மீறியிருக்கிறேனா? நேற்று இரண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். கூடத்தில் அந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருக்கிறது, இன்னும் பெருக்கவில்லை.

நீ பார்த்துப் பார்த்து வாங்கியதைத் திருப்பி அனுப்பியது தப்புதான். நீ கத்துவாய், எத்தனை நாள் அலைந்து தேர்ந்தெடுத்தேன் தெரியுமா என்பாய், உன் மூக்கு நுனி சிவந்துபோகும். எல்லாம் எனக்கு வேண்டும். ஆனால் போனில் கோபப்படாதே, போனில் வரும் கோபம் எனக்குப் போதாது. இங்கே வந்து, என் எதிரில் நின்று கோபப்படு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, இரவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கை தொட்டதெல்லாம் நன்றாக நடக்க வேண்டும், நீ நினைத்த இடத்துக்கு நீ போக வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உன் கூடவே இருக்கும். ஒன்றே ஒன்று மறக்காதே, திரும்பி வந்த பணத்தில் டிக்கெட் எடுத்ததும் தேதியை முதலில் என்னிடம் சொல். அந்த வாரம் யார் வீட்டு ஜன்னலையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திட்டு வாங்கத் தயாராக இருக்கும்,
உன் அம்மா