மாரப்பன் அடக்கிவைத்தது

9 மார்ச் 1956, வெள்ளி

ஜெயித்துவிட்டோம்!

முறுக்கிக்கொண்ட சிறுகுடலில் இரண்டு சாண் வெட்டியெடுத்துத் தைத்து இன்றோடு நாலு நாள். வாயு பிரிந்தால்தான் குடல் விழித்ததாக அர்த்தம். அதுவரை பர்கூர் மாரப்பனுக்குக் கஞ்சிகூடக் கிடையாது. அவர் மனைவி முந்தானையில் ஒளித்துவந்த ராகிக் களியை நேற்றும் பிடுங்கினேன்.

"பட்டினி போட்டே கொல்றீங்களே நர்சம்மா!"

"களியைச் செரிச்சு ரத்தத்துல சேக்குறதே அந்தக் குடல்தாம்மா. அது இன்னும் தூங்குது."

காலையில் டாக்டர், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாரப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முனகினார்.

"விடியறதுல இருந்து அடக்கிட்டிருக்கேன் நர்சம்மா. சுத்தி இத்தனை பொம்பளைங்க இருக்கீங்க..."

அடப் பாவி மனுஷா! துணைக்கு இருந்த பெண்களையெல்லாம் வார்டுக்கு வெளியே தள்ளி, நானும் வந்து கதவைச் சாத்தினேன். ஆறு பேரும் கதவில் காதை வைத்து நின்றோம்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

"தேவுடா!" என்று அவர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள்.

கேஸ் ஷீட்டில் 'வாயு பிரிந்தது' என்று எழுதினேன். பன்னிரண்டு வருட வேலையில் என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்ததில்லை.