மைத்துனன் பிடித்த கயிறு

1943 பிப்ரவரி 8, திங்கள்

வாடைக் காற்று. ஜன்னல் பலகையெல்லாம் உப்பு. மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

தர்க்க வகுப்புச் சோதனைக்கு மூன்று கேள்விகள் எழுதியாயிற்று. நாலாவதற்கு ஊர் உதாரணம் வேண்டும். சமையலுக்கு வரும் ரோசம்மாளின் புருஷன் அந்தோணி சங்கு குளிப்பவன், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவன். வள்ளத்தில் நின்று, அவனை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடிப்பது அவள் அண்ணன் சூசை. இங்கே வழக்கமே அதுதான். தங்கை தாலியை அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை.

"எங்கண்ணன் புடிச்ச கயிறு ஒருநாளும் விடாது, டீச்சரம்மா."

"ஒருநாள் விட்டால்?"

"உங்களுக்குச் சாமி மேலயே சந்தேகம். எங்கண்ணன் எம்மாத்திரம்!" சிரித்தாள்.

கே. 4: மைத்துனர்கள் பொதுவாகக் கயிற்றை விடுவதில்லை. ஒரு மைத்துனன் கையிலிருந்து கயிறு போயிற்று. வேண்டுமென்றே விட்டான் எனலாமா?

10, புதன்

காலையில் சோதனை. 18 தாள்.

மாலை செய்தி. அந்தோணி இறந்துவிட்டான். சூசை கையிலிருந்து கயிறு நழுவியதாம்.

வாசலில் இரண்டு பெண்கள்:

"மச்சான் கை கயித்த விடுமா, ஏளா?"

"விட்டாம்னா வேணும்னுதான் விட்டிருப்பான். போன மாசம் ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டானுவல்லா."

விளக்கு ஏற்றவில்லை.

12, வெள்ளி

அடக்கம் முடிந்து ரோசம்மாள் வீட்டுக்குப் போனேன். சூசை வெளியே மணலில். அவனோடு பேச ஆளில்லை. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவப்பு. இறுகப் பிடித்ததாலா? கயிறு பிடிக்கும் எவன் கையும் அப்படித்தான் இருக்கும். இதுவும் ஆதாரமாகாது.

உள்ளே ரோசம்மாள், அண்ணனுக்குச் சோறு எடுத்து வைத்தபடி.

"நீங்க படிச்சவிய. எங்கண்ணன் வேணும்னு விட்டானா?"

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை."

"அப்ப விடலைன்னு சொல்லுதியளா?"

"அதையும் சொல்ல முடியாது, ரோசம்மா."

தட்டிலிருந்த சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

15, திங்கள்

வேலைக்கு வந்துவிட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காப்பியில் சர்க்கரை இல்லை. அப்படியே குடித்தேன்.

சூசை நேற்று கொழும்புத் தோணி ஏறிவிட்டானாம். இனி வரமாட்டான் என்கிறார்கள்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விடலைன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவனுக்குச் சோறு போட்டிருப்பேன்."

தாள் திருத்தம். நாலாம் கேள்வி: 14 பேர் 'எனலாம்'. தவறு. 4 பேர் 'இதைக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது'.

நால்வருக்கும் முழு மதிப்பெண்.