பாஸ்கர் வீட்டில் மூன்று பேர்

மே 2, வெள்ளி. மாமல்லபுரம்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடல் காற்று மதியம்வரை வரவில்லை. இரண்டு வேனும் சர்வீசுக்குப் போயாயிற்று. நான் திரும்பும்வரை மச்சினன் பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்வானாம்.

ஞாயிறு புறப்பாடு. பாரிஸ், லில், சுவிஸ். நான், சலீம், ரவி. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது எழுதியவர்கள். ரவி மட்டும் பாஸ். அதனால் அவன் கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் விற்கிறான், நான் வேன் ஓட்டுகிறேன், சலீம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறான்.

வாங்க மறந்தவை: சர்க்கரை மாத்திரை, கம்பளி சாக்ஸ், சார்ஜருக்கு அந்த ஊர் பிளக்.

ரவிதான் திட்டம் போட்டவன். ஒவ்வொரு ஊரிலும் ஹோட்டல் பதிவு செய்திருந்தான். லில்லில் போட்டதை மட்டும் சலீம் ரத்து செய்ய வைத்துவிட்டான். "வூடு கீது மச்சான். லாட்ஜு இன்னாத்துக்கு?"

வீடு என்றால் பாஸ்கல் வீடு. பிரெஞ்சுக்காரர். பொங்கல் முடிந்ததும் வருவார், வெயில் ஏறும்போது போவார். இருபது வருஷம், சலீமின் அதே மாடி ரூம். ஊரில் எல்லோருக்கும் பாஸ்கர் அண்ணன். சலீம் பெண்ணின் நிக்காஹில் ஜிப்பா போட்டுக்கொண்டு பந்தியில் பிரியாணி பரிமாறினார். ஒவ்வொரு வருஷமும் ஏர்போர்ட்டுக்கு என் வேனில் ஏறும்போது சலீமைக் கட்டிப்பிடித்து, என் வீடு உன் வீடு, வந்துவிடு என்பார்.

வேன் ஏறும் வெள்ளைக்காரர் எல்லோரும் இதைச் சொல்வார்கள். எனக்கே எத்தனையோ பேர் விலாசம் கொடுத்திருக்கிறார்கள். நான் எவர் வீட்டுக்காவது பெட்டி கட்டினேனா? சலீம் கட்டுகிறான். அவனுக்கு யாராவது வா என்றால் வா என்றுதான் அர்த்தம்.

கொரோனாவுக்குப் பிறகு பாஸ்கல் வரவே இல்லை. நாங்கள் வரும் தேதியை அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "கட்ட வெரலு போட்டாரே, போதாதா?" என்கிறான் சலீம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். பள்ளிவாசலில்கூடச் சொல்லியிருக்கிறான். அந்த மனுஷன் கதவைத் திறக்கவில்லை என்றால் இவன் எந்த முகத்தோடு ஊர் திரும்புவான்? அவனிடம் சொல்லவில்லை.

மே 5, திங்கள். பாரிஸ்

குளிர். தூறல். இது மே மாதமாம்.

ரவியின் பெட்டிக்குள் சலீம் சம்சாரம் ஜரீனா கொடுத்த இறால் ஊறுகாய் பாட்டில் உடைந்துவிட்டது. சலீம் தன் பெட்டியில் இடமில்லை என்று அவன் பெட்டியில் வைத்தது. புது ஜாக்கெட், சட்டைகள், எல்லாம் போச்சு. ரவி பாரிசில் இறால் வாசனையோடு நடக்கிறான். மெட்ரோவில் ஒரு அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

இரும்புக் கோபுரம் பார்த்தோம். பெரிசுதான். அடியில் சின்னச் சின்னக் கோபுரப் பொம்மை விற்கும் ஆள் எங்களைப் பிடித்துக்கொண்டான். "ஹலோ மை ஃப்ரெண்ட், இந்தியா? நமஸ்தே!" அப்படியே நம்ம ஐந்து ரதம் வாசல். பாசிமணி விற்கிறவர்கள் இதே இழுவையில்தான் கூப்பிடுவார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்களை ஏமாற்றுகிற ஊரே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரவி மூன்று பொம்மை வாங்கினான்.

ரோடு பற்றி: ஒருவனும் ஹார்ன் அடிப்பதில்லை. நடக்கிறவனுக்கு வண்டி நிற்கிறது. எனக்கு நம்பிக்கை வரவே இல்லை, ஒவ்வொரு தடவையும் ஓடித்தான் கடந்தேன்.

இருட்டவே மாட்டேன் என்கிறது. "மக்ரிபு எப்பத்தான்டா வரும்?" என்று அந்தித் தொழுகைக்காகச் சலீம் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பசி. இலங்கைத் தமிழர் கடை ஒன்றில் கொத்து ரொட்டி. கடைக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்றதும் ரவி கோபம்கூட இறங்கிவிட்டது. படகு சவாரி ரொம்பப் பிடித்தது. காலில் கொப்புளம்.

மே 7, புதன். பாரிஸ்

சண்டை.

ரவி போனைப் பார்த்தபடி முன்னால் ஓடுகிறான். சலீம் ஜரீனாவுக்கு வீடியோ எடுக்க ஒவ்வொரு கம்பத்திடமும் நிற்கிறான். மெட்ரோ கதவு மூடிவிட்டது. ரவி உள்ளே, நாங்கள் வெளியே. ஒரு வழியாகத் திரும்பி வந்து பிளாட்பாரத்திலேயே கத்த ஆரம்பித்தான்.

"கல்யாண வூட்டு வீடியோவாடா எடுத்துகினு கீற? ஒன்னால பேஜாரு!"

"உங்கூட வந்ததுக்கு செங்கல்பட்டு ஏரிய சுத்திப் பாத்துட்டு வூட்ல படுத்துருக்கலாம்."

"படுத்துருக்கறது தான? யாரு இட்டுகினு வந்தா?"

இப்போது இருவரும் பேசுவதில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம், "குணா, அவன உப்பு எடுக்கச் சொல்லு" என்கிறார்கள். இதற்குத்தான் ஐரோப்பா வந்தேன்.

சலீம் பாஸ்கலுக்கு போன் போட்டுக்கொண்டே இருக்கிறான். மணி அடிக்கிறது. எடுப்பதில்லை. ஜரீனா வீடியோவில் தினமும் கேட்கிறாள், "பாஸ்கர் அண்ணன பாத்தீங்களா?" இவன் "நாளைக்கு, நாளைக்கு" என்கிறான்.

ஓட்டலில் இன்றும் முட்டை. வாயில் வைக்க முடியவில்லை.

மே 9, வெள்ளி. லில்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரயில் சுகம். ஸ்டேஷனிலிருந்து டாக்சி. எங்கள் மனசில் ஒரு படம்: ஓட்டு வீடு, தோட்டம், நாய். டாக்சி ஊரைத் தாண்டிப் போய் ஒரு உயரமான பழைய கட்டிடத்தின் முன் நின்றது. நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி, இன்னும் மோசம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று பெட்டி, ஒரு அரிசிப் பை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.

சலீம் கர்ச்சீப்பால் முகம் துடைத்து, தலை சீவிவிட்டு மணி அடித்தான். கதவு திறந்தது. பாஸ்கல்தான். பனியன், நாலு நாள் தாடி, பழைய உடம்பில் பாதிதான். சலீம் "அண்ணே!" என்று இரண்டு கையையும் விரித்தான்.

பாஸ்கல் கதவை மூடிவிட்டார்.

தாழ்ப்பாள் சத்தமும் கேட்டது. ரவி மெல்ல, "வா மச்சான், பக்கத்துல எதுனா ரூமு பாக்கறேன்" என்றான். மூன்று நாளில் சலீமிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை. சலீம் நகரவில்லை. "சட்ட மாத்திகினு வருவாரு. எப்பவும் அப்டித்தான்" என்றான். கை அப்படியே விரிந்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்துத் திறந்தார். சட்டை மாற்றித்தான் இருந்தார், பட்டன் கோணல். ஒரே ரூம். கட்டில், சின்ன மேஜை, மூலையில் அடுப்பு. இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்ததாம், வலது கை தொங்குகிறது, காலும் இழுக்கிறது. வேலை என்ன பார்த்தார் என்று இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவன்கூடக் கேட்டதில்லை. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. மீதி மாதமெல்லாம் இறக்கி, அந்தக் காசில் நம்ம ஊருக்கு வந்து ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் வந்தே?" என்று சலீமிடம் இங்கிலீஷில் கத்தினார். "பார், இடமில்லை. உட்கார நாற்காலி இல்லை. அங்கே நான் பாஸ்கர். இங்கே யாருமில்லை. நீ பார்க்கக் கூடாது."

சலீமுக்கு வந்த கோபம் நான் பார்த்ததில்லை. தமிழிலேயே திருப்பிக் கத்தினான்.

"வூடு சின்னதா இருந்தா எனக்கு இன்னா? நான் வூட்டையா பாக்க வந்தேன்? இருவது வருசம் ஒனக்காண்டி மாடி ரூம ஒருத்தனுக்கும் குடுக்காம வெச்சிருந்தேன். நீ என் மூஞ்சில கதவ மூடற?"

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். பெட்டியோடு நானும் ரவியும் நடுவில். பாஸ்கல் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம், இரண்டு பேர் மேலும் இரக்கம்.

பிறகு சலீம் எழுந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. சிங்க்கில் குவிந்திருந்த பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். திட்டிக்கொண்டே தேய்த்தான். "எத்தினி நாளா ஊறிகினு கீது இது, கருமம்." அரிசி போட்டான். ஜரீனாவின் மசாலாவில் உருளைக்கிழங்கு, முட்டை. ரூம் முழுக்க நம்ம ஊர் வாசனை. கீழ்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தட்டு வைத்தான். நாங்கள் தரையில். பாஸ்கல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தொடவில்லை. வந்த முதல் வருஷம் ஜரீனாதான் சொல்லிக் கொடுத்தது: சோத்துக் கை வலது, இடது கை தட்டில் படவே கூடாது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. இப்போது வலது கை எழவில்லை, சலீம் எதிரில் இடது கையை வைக்க மனசு வரவில்லை. அது எனக்குப் புரிவதற்குள் சலீமுக்குப் புரிந்துவிட்டது. நகர்ந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து அவர் வாய்கிட்டே கொண்டு போனான்.

"நோ, நோ. நான் பேபியா?"

"வாயத் தொற."

திறந்தார். காரம், கண்ணில் தண்ணீர். காரம் என்றே வைத்துக்கொள்வோம். ரவி ஜன்னல் பக்கம் திரும்பி ஜாக்கெட்டை உதறிக்கொண்டிருந்தான்.

மே 10, சனி. லில்

தரையில் மூன்று பேர் வரிசையாகப் படுத்தோம். குளிர். ரவியின் குறட்டை. பாஸ்கல் கட்டிலைக் கொடுக்கிறேன் என்று பிடிவாதம், சலீம் அதட்டியதும் படுத்தார்.

காலையில் கண் விழித்தால் கட்டில் காலி. அந்தக் காலோடு இறங்கி, ஏறி, ரொட்டி வாங்கி வந்திருக்கிறார். "நாஸ்தா!" என்றார். சலீமிடம் கற்ற வார்த்தை.

மதியம் சுவிஸ் ரயில். சலீம் வரவில்லையாம். "நீங்க போங்க. நான் பாரிசுக்கு வந்து சேந்துக்கறேன்."

ரவி வெடித்தான். "டிக்கெட்டு இன்னா ஆவறது? பனி பாக்கணும்னு நீதான ஒத்தக் கால்ல நின்ன?"

"பனி எங்க போயிடப் போவுது?"

மறுபடியும் பேச்சு நின்றது. நான் ரவியோடு கிளம்பினேன். அவனைத் தனியாக விட முடியாது, திட்ட ஆள் இல்லாமல் செத்துவிடுவான்.

மே 12, திங்கள். சுவிஸ்

பனி. வெள்ளை. மலை ரயில். எல்லாம் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கிறது, அதுதான் குறை. ரவி பனியை உருட்டி என் மேல் எறிந்தான். நான் எறிந்தேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு பேராக இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இறங்கும்போது ரவி சொன்னான்: "அவன் இருந்தா இத்த அரை நாளு வீடியோ எடுத்துருப்பான்." பிறகு அவனே போனை எடுத்து வீடியோ எடுத்தான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வேன்: மச்சினன் பம்பரை இடித்துவிட்டானாம். தெரிந்ததுதான்.

மே 15, வியாழன். பாரிஸ் ஏர்போர்ட்

சலீம் தனியாக ரயில் பிடித்துச் சரியாக வந்து நிற்கிறான். கண் வீங்கி இருக்கிறது. அரிசிப் பை, மசாலா, கம்பளி சாக்ஸ், சால்வை எல்லாம் அங்கேயே. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும். நம்ம ஊருக்கு இனி வர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம் பாஸ்கலிடம். அவ்வளவுதான் சொன்னான். ரவி சுவிஸ் வீடியோவை என்னிடம் நீட்டி, "அவனுக்கு அனுப்பி வுடு" என்றான்.

மே 18, ஞாயிறு. மா.புரம்

வெயில். வேர்வை. வயிறார இட்லி. பம்பர் நான் நினைத்ததைவிட மோசம். மச்சினன் ஊரிலேயே இல்லை, புத்திசாலி.

சாயங்காலம் சலீமின் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் தெருவே கூடிவிட்டது. ஜரீனா எல்லோருக்கும் டீ. மீன்காரக் கன்னியம்மா அக்கா, தையல்கடை யூசுஃப் பாய், யார் யாரோ. ரவியும் கேளம்பாக்கத்திலிருந்து வந்திருந்தான், சலீமைப் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாக்லேட் கொடுத்து முடிந்தது. கன்னியம்மா அக்காதான் கேட்டாள்.

"பாஸ்கரு வூடு எப்டிப்பா கீது?"

சலீம் பொய் சொல்லத் தெரியாதவன். போனோம், வந்தோம், நல்லா கீறாரு என்று பேச்சை மாற்றுவான் என்று நினைத்தேன்.

"வூடா அது? பங்களா" என்றான். "எங்க மூணு பேருக்கும் தனித்தனி ரூமு. நாங்க போவ சொல்ல, கதவ தொறந்து வெச்சுகினு வாசல்லயே நின்னுகினு இருந்தாரு."

ஜரீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யூசுஃப் பாய் "மாஷா அல்லாஹ்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்டியா குணா?"

"ஆமாக்கா. பெரிய தோட்டம்" என்றேன்.

"ரெண்டு ஆப்பிள் மரம்" என்றான் ரவி.