மேவிஸுக்கு இல்லாத மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? சிங்கி இறால் பிடிக்கப் படகேறும்போது கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள். நியூயார்க்கில் நாங்கள் இருவரும் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. அம்மாவின் கணையத்திலிருந்து எடுத்த புற்றுக்கட்டியைக் கொண்டு, அம்மாவுக்கு மட்டுமே செய்த தடுப்பு மருந்து ஃப்ரீசரிலிருந்து வந்தது. அதை ஏற்றுமுன் நர்ஸ் யோலாண்டா பெயரும் பிறந்த நாளும் கேட்பார். எவ்வளவு பழகினாலும் நோயாளியேதான் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்க மகாராணி, நீங்க யாரு?" என்று சிரித்தார்.

அம்மா தெளிவாக, "மேவிஸ்" என்றாள். சொன்ன பிறந்த நாளும் சித்தியுடையது. நான்கு வருடம் முன்பு, இதே நோயில் நாம் அடக்கம் செய்தோமே, அந்த மேவிஸ் சித்தி.

யோலாண்டா மருந்து ஏற்றும் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மேவிஸுக்கு எங்கிட்ட மருந்து இல்லையேம்மா."

உருகிய மருந்து சில மணி நேரம்தான் தாங்கும். அம்மாவின் பெயரைச் சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நீ சொல்லக் கூடாது, புத்தகப் புழு. அவங்கதான் சொல்லணும்," என்று தடுத்தார் யோலாண்டா.

அம்மா மருந்துப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு இது கிடைக்கலியே," என்றாள். வெகுநேரம் கழித்துத் தன் பெயரைச் சொன்னாள், வேறு யாருடையதோ போல. மருந்து ஏறிவிட்டது. கவலைப்படாதீர்கள்.

என் உயிரியல் புத்தகத்தையும் தடித்த காலுறையையும் அனுப்புங்கள். அறை குளிர்கிறது. இன்னொன்று அப்பா: போனில் அம்மாவைச் 'செல்லம்' என்று கூப்பிட வேண்டாம். லெனோர் என்றே கூப்பிடுங்கள், பல முறை. வியாழக்கிழமை மறுபடியும் கேட்பார்கள்.

அவசரத்தில்,
ஹேசல்