சுக்குவைத் தொட ஆள் தேவை

ஜன. 4, ஞாயிறு

காலையில் பனி. பைபாஸில் லாரி சத்தம் கேட்கிறது, லாரி தெரியவில்லை. சர்ச் முடிந்து வரும் வழியில் காளவாசலில் கோதுமை மாவு, சோப்பு, சுக்குவுக்குக் கோழிக்கால்.

மதியம் பேரையூரிலிருந்து முத்துப்பாண்டி வந்தான். சுக்குவைக் குட்டியாக எனக்குக் கொடுத்தவன். பருத்திக் காட்டோடு சிப்பிப்பாறை நாய்களும் வளர்க்கிற வீடு அவர்களுடையது. வளர்ந்த சுக்குவை இன்றுதான் பார்க்கிறான். ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கழுத்து, நெஞ்சு, வால். "இம்புட்டு நல்லா வருவான்னு நினைக்கலக்கா. ஷோவுல விடணும்." 25-ஆம் தேதி நாய்க் கண்காட்சியாம். நாட்டு நாய்களுக்குத் தனிப் பிரிவு உண்டாம்.

எனக்குச் சிரிப்பு. இந்த வீட்டிலிருந்து இதுவரை எதுவும் போட்டிக்குப் போனதில்லை, நான் உட்பட.

பல்லைப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினான். சுக்கு பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. உதட்டைத் தூக்கி ஓர் உறுமல். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மு.பா. சொன்னது: ஜட்ஜ் தள்ளி நின்று பார்ப்பதோடு விடமாட்டார். தொடுவார். வாயைத் திறந்து பல் வரிசை. முதுகெலும்பு, விலா, தொடை. ஆண் நாய் என்றால் அவை இரண்டும் ஒழுங்காக இறங்கியிருக்கின்றனவா என்றும். (சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டேன்.) உறுமினால் ரிங்கை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"பத்துக் கை பட்டுப் பழகணும்க்கா. வீட்டுக்கு வர்ற போற ஆளுகளைத் தொடச் சொல்லுங்க, போதும். ஆளுக வருவாகள்ல?"

வருவாங்க என்றேன்.

தீனி கூடிவிடக் கூடாது, கடைசி மூன்று விலா வெளியே தெரிய வேண்டும் என்றான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "மனுசரையே பாக்காம வளந்தா கடிநாயாப் போயிரும்க்கா. ஷோவுல நிக்கலைன்னா எங்கிட்டயே குடுத்துருங்க. அங்க ஆளு புழங்குற வீடு."

கோபத்தில், நிக்கலைன்னா நீயே கொண்டுபோ என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு எப்போதும் சத்துரு. சொன்ன சொல்லை மாற்றவும் தெரியாது.

ஜன. 5, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அரையாண்டு மார்க் பட்டியல்கள் மேசை முழுக்க. பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், யார் வருகிறார்கள் என்று.

பால் - பை கேட்டில் தொங்கும்.
பேப்பர் - பறந்து வரும்.
கேஸ் - கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.
கரண்ட் ரீடிங் - மீட்டர் வெளிச்சுவரில்.
பாஸ்டர் ஐயா - கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவோடு வந்தார். நாய் என்றால் பயம், தெருவிலேயே ஜெபித்துவிட்டுப் போனார்.

அம்மா படுக்கையில் இருந்தபோது ஆள் வந்துகொண்டே இருந்தது. ஊசி போட நர்ஸ், சர்ச் அம்மாக்கள், மாமா வீட்டார். ஹாலில் நாற்காலி போதாது. அவர்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுக்கு அம்மா போனதற்குப் பிறகு வந்தது. அதற்குத் தெரிந்த கை என் கை ஒன்றுதான். என்னை மட்டும் யார் தொடுகிறார்கள்? பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது படுகிற விரல். அதுவும் சில்லறை சரியாக இருந்தால் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள்.

ஜன. 7, புதன்

வெயில் உறைக்கவில்லை. இடது முழங்கால் வலி.

சாயங்காலம் சுக்குவைக் கறிக்கடைக்கு நடத்திக் கொண்டுபோனேன். பாய் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். உறுமல் இல்லை, கையை நக்கித் தள்ளிவிட்டது. சந்தோஷம் தெருமுனை வரை நீடித்தது. ஜட்ஜ் கையில் ஈரல் வாசனை இருக்காதே.

கூரியர்காரரிடம் கேட்டேன். இரண்டு நிமிடம் நாயைத் தடவ முடியுமா என்று. "மேடம், எனக்கு ரெண்டு புள்ளைக இருக்கு" என்றார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

ஜன. 9, வெள்ளி

எதிர் வீடுதான் பாக்கி. ஜெயந்தி. காளவாசலில் ஜவுளிக்கடையில் வேலை. புருஷன் வளைகுடாவில். வீட்டில் அவளும் மாமனாரும். அந்தப் பெரியவர் திருமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே கண்டக்டர் ஐயா என்றுதான் கூப்பிடும்.

தீபாவளி சமயத்தில் ஜெ. கேட்டில் வந்து நின்றாள். "டீச்சர், நீங்க போனதுல இருந்து நாயி அழுதுக்கிட்டே இருக்கு" என்று ஆரம்பித்தாள். (நான் டீச்சர் இல்லை, ஆபீஸ் கிளார்க். இந்தத் தெருவில் அதைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) புகார் சொல்ல வந்துவிட்டாள் என்று எனக்குச் சுருக்கென்றது. "அதுக்கு என்ன, கழுத்தை நெரிக்கவா" என்று கேட்டேன். போய்விட்டாள். அதிலிருந்து பேச்சு இல்லை. அவள் கோலம் போட வந்தால் நான் உள்ளே வந்துவிடுவேன்.

இப்போது போய்க் கேட்க வேண்டும். தூக்கம் வரவில்லை.

ஜன. 10, சனி

போனேன். கதவைத் திறந்தாள். கறிவேப்பிலை இருக்கா என்று கேட்டுவிட்டேன். கொடுத்தாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரம் ஓட்டு உயரத்துக்கு நிற்கிறது. அவள் மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அரை மணி கழித்து மறுபடியும் போனேன். இந்தத் தடவை நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஷோ, ஜட்ஜ், பல், பேரையூர், கொடுத்த வாக்கு.

"தொடணுமா? அம்புட்டுதானா டீச்சர்?" என்றாள்.

பிறகு அவள் சொன்னது. அன்றைக்கு அவள் புகார் சொல்ல வரவில்லையாம். நாய் அழுவது மனசு கேட்காமல், பகலில் எங்கள் வீட்டில் விட்டுப் போங்கள், மாமாவும் தனியாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல வந்தாளாம். நான் வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

நான் போன பிறகு சுக்கு அழும் என்பதையே இன்றைக்குத்தான் மனதில் வாங்கினேன். தீபாவளியிலிருந்து இன்று வரை. எனக்கும் சேர்த்து அது அழுதிருக்கிறது போல.

கறிவேப்பிலையைத் துவையலாக அரைத்தேன். பாதியை அவர்களுக்கே கொடுத்தேன்.

ஜன. 12, திங்கள்

கண்டக்டர் ஐயா சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். தலையில் தொப்பி. ஜட்ஜ் என்றால் தொப்பி இருக்கும், டிவியில் பார்த்திருக்கிறாராம். சுக்கு சுவரோடு ஒட்டி உறுமியது. அவர் அசரவில்லை. முகூர்த்த நாளில் திருமங்கலம் வண்டியில் ஏறுகிற கூட்டத்தையே சமாளித்தவராம். முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நாயைப் பார்க்கவே இல்லை. அரை மணி கழித்துச் சுக்குவே போய் அவர் வேட்டியை முகர்ந்தது. பையிலிருந்து பிஸ்கட். அதற்குப் பிறகு நெற்றியில் ஒரு விரல். அவ்வளவுதான் இன்றைக்கு.

காபி போட்டேன். இரண்டாவது டம்ளரைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே தூசி.

ஜன. 15, வியாழன்

பொங்கல். எதிர் வீட்டில் ஜெ.யின் அக்காள் தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், ஒரே சத்தம். சுக்குவோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்டக்டர் ஐயா எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். "ஒவ்வொருத்தரா ஏறுங்க, தள்ளாம வாங்க." ஒவ்வொருவரும் முதுகைத் தடவி, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து, கையிலிருந்த எதையோ ஊட்டிவிட்டுப் போனார்கள். முறுக்கு, வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல். சுக்கு நடுங்கியது. ஆனால் நின்றது. கண் மட்டும் என்னைத் தேடியபடி.

ஜெ.யின் அக்காள் என் வளையலைப் பார்க்கிறேன் என்று கையைப் பிடித்தாள். விடாமலே வேறு கதை பேசினாள். மதுரையில் எந்தக் கடை, எப்போது வாங்கியது. கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன். சுக்கு நின்றது, நான் நிற்க மாட்டேனா.

ஜன. 17, சனி

தலைக்குக் குளியல், சுக்குவுக்கும் எனக்கும். நகம் வெட்டினேன், அதற்கு. மின்விசிறியில் ஒட்டடை.

ஐயா வந்தார். பல் பார்த்தார். பிஸ்கட். 'அந்த' இடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று என்னிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். தனியாகச் சிரித்தாலும், வெளியே ஆள் இருக்கும்போது சிரிப்பது வேறு.

ஜன. 21, புதன்

சுக்கு நிற்கிறது. ஜெ., ஐயா, பாய், நேற்று கேஸ்காரர் கூட. கேட்டைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். வந்தார்.

சந்தோஷப்பட வேண்டும். ஆனால் காலையிலிருந்து மனசு சரியில்லை. 25 முடிந்தால் இவர்கள் ஏன் வர வேண்டும்? நாயைப் பழக்க வந்தார்கள். நாய் பழகிவிட்டது. அம்மாவுக்காக வந்தவர்கள் அம்மாவோடு போன மாதிரி இதுவும். நின்றால் ஆட்கள் வரமாட்டார்கள், நிற்காவிட்டால் நாயே இருக்காது.

பிரிண்டருக்கு மை வந்துவிட்டது. வேறு கலர்.

ஜன. 25, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மு.பா. குட்டியானை வண்டியோடு விடியற்காலையில் வந்தான். ஜெ.க்குக் கடை. கண்டக்டர் ஐயா இஸ்திரி போட்ட சட்டையில் கேட்டில் நின்றார். தொப்பி இல்லை. "இன்னைக்கு வேற ஜட்ஜ் இருக்காரு" என்று சொல்லி அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மைதானம் முழுக்க நாய். ஒன்றுக்குக் குடை, ஒன்றுக்கு மின்விசிறி, ஒன்றுக்குத் தலை சீவ இரண்டு பேர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிகிறது. பக்கத்தில் ஒரு குரல்: "போன வருசம் இதே ஜட்ஜுதான் மாப்ள, வால் சுருண்டா போச்சு." சுக்குவின் வாலைப் பார்த்தேன். சுருளவில்லை. காலுக்கு நடுவே இருந்தது.

நாட்டு நாய்ப் பிரிவு பதினொரு மணிக்கு. வெயில் ஏறிவிட்டது. கையில் நம்பர் கட்டினார்கள். வாரை நானேதான் பிடித்தேன், என் கைதான் அதற்குப் பழக்கம் என்று மு.பா. சொல்லிவிட்டான். ரிங்கில் ஒரு சுற்று ஓட வேண்டும். முழங்கால் வலியோடு ஓடினேன். என் வயதில் அங்கே ஓடியது நான் மட்டும்தான். பிறகு வரிசையில் நிறுத்திக் காட்டுவது. எங்களுக்கு முன்னால் நின்ற நாய் உறுமியது. ஜட்ஜ் கையைக் காட்டினார். அந்த ஆள் நாயை நடத்திக்கொண்டு வெளியே போனார். வாரை இன்னும் குட்டையாகப் பிடித்துக்கொண்டேன்.

ஜட்ஜ் வந்தார். வெளியூர்க்காரர், நிஜமாகவே தொப்பி. முன்னங்காலைத் தொட்டார். உதட்டைத் தூக்கினார். முதுகு, விலா, தொடை. பிறகு அது. சுக்கு நின்றது. நடுங்கக் கூட இல்லை. அவருடைய சட்டைப் பையை முகர்ந்து பார்த்தது, பிஸ்கட் இருக்கிறதா என்று.

ஜட்ஜ் சிரித்துவிட்டார். "ரொம்பப் பழகின நாய். வீட்ல ஆளுங்க நிறையவா மேடம்?"

ஆமா சார் என்றேன்.

பொய் என்று தோன்றவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

பரிசு ஒன்றும் இல்லை. ஜட்ஜ் விலாவில் விரலை ஓட்டி, சதை போட்டிருக்கு, இந்த ஜாதிக்குக் கடைசி மூன்று விலா தெரிய வேண்டும் என்றார். மு.பா. கம்பிக்கு வெளியே தலையில் கை வைத்து நின்றான். கண்டக்டர் ஐயா அவனைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டு.

திரும்பும்போது மூன்று பேரும் வண்டியின் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பிஸ்கட் பற்றி மு.பா. ஒரு பாட்டம் திட்டினான். பிறகு, "நாயி உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. ஆளு புழங்குற வீடுதான். அடுத்த ஷோ இனி அடுத்த தை மாசம்தான், அதுக்குள்ள உடம்பை இறக்கிருவோம்" என்றான். ஐயாவுக்கும் கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜன. 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். சீக்கிரமே வீடு.

ஐந்தரைக்குச் சுக்கு கேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. காபிக்குப் பால் அளவு கூடுதலாக வைத்துவிட்டேன், பழக்கத்தில். ஏழு மணி வரை பார்த்தேன். யாரும் வரவில்லை. அதட்டி உள்ளே கூட்டி வந்தேன். அதட்டியிருக்க வேண்டாம்.

ஜன. 27, செவ்வாய்

யாரும் வரவில்லை. ஜெ. மாடியில் துணி எடுத்தாள், கையை அசைத்தாள். நானும் அசைத்தேன். வாங்க என்று சொல்ல என்ன கஷ்டம்? மூன்றே எழுத்துதான். கறிவேப்பிலை கேட்கலாமா என்று யோசித்தேன். கேவலம்.

ஜன. 28, புதன்

பனி இல்லை, வெயில் தொடங்கிவிட்டது. முழங்கால் ரிங்கில் ஓடியதிலிருந்து வீக்கம்.

ஐந்தரை. சுக்கு கேட்டில். நானும் துடைப்பத்தோடு கேட்டில், குப்பை இல்லாத வாசலைக் கூட்டிக்கொண்டு. எதிரே ஐயா அவர் வீட்டு வாசலில் பேப்பரோடு நிற்கிறார். சாயங்காலம் என்ன பேப்பர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தோம்.

"அடுத்த ஷோ எப்பம்மா?" என்றார்.

வண்டியில் அவர் காதில் விழுந்ததுதான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"சீக்கிரம் இருக்குய்யா" என்றேன்.

"அப்பப் பழக்கம் விட்டுப் போயிரக் கூடாது. இந்தா வாரேன்."

உள்ளே போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. பிஸ்கட் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.