இல்லாத மாடியின் எட்டு அறைகள்

1991 ஆகஸ்ட் 12, திங்கள்

மோட்டார் இன்றும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இறைத்தது. பத்தாவது நாள்.

மாலை ஏழு மணிக்குத் தாம்பரத்திலிருந்து திரும்பியபோது வெளிக்கதவில் சோற்றுப்பசை போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தின் வீட்டு வரி மறுமதிப்பீடு. என் வீடு இனி வீடு அன்று. ‘மகளிர் தங்கும் விடுதி. கீழே மூன்று, மாடியில் எட்டு, ஆகப் பதினோரு அறைகள்.’ விடுதிக்குரிய வரியை உடனே செலுத்த வேண்டும். உரிமம் பெறாமல் விடுதி நடத்துவதால், முப்பது நாட்களில் தக்க மறுப்பு தெரிவிக்காவிட்டால் கட்டடம் பூட்டி முத்திரை வைக்கப்படும்.

என் வீட்டுக்கு மாடி கிடையாது.

மரகதத்திடம் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைக்காமலே, “கேட்டதைக் கட்டிட்டு விட்டுடுங்களேன்,” என்றாள். முப்பது வருட இல்லறத்தில் வரி கட்டுவதை அவள் ஆதரித்துப் பேசியது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விடுப்பு எடுத்துப் பஞ்சாயத்து அலுவலகம் சென்றேன். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு இவ்வட்டாரத்தில் எந்தக் கோப்பு காணாமற்போனாலும் ‘பந்தோபஸ்து சார்’ என்கிறார்கள். என் கோப்பு மட்டும் முதல் கேள்வியிலேயே கிடைத்தது.

என் வீட்டை மதிப்பிட்டவர் பில் கலெக்டர் கோதண்டம். நடந்த உரையாடலை, பிற்காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், அப்படியே எழுதி வைக்கிறேன்.

“மாடி எங்கே இருக்கிறது?”

“மாடிப்படி கீதே சார்.”

“படி இருந்தால் மாடி இருக்கிறதென்று பொருளா?”

“பின்ன இன்னாத்துக்கு சார் படி? ஏறிப் போய் ஆகாசத்தையா பாப்பாங்க?”

“பதினோரு அறை என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? உள்ளே வந்து பார்த்தீர்களா?”

“பொம்பளைங்க இருக்கற எடம், உள்ள வரலாமா சார்? மருவாதையா ரோட்லேந்தே பாத்தேன். கொடில பதினோரு யூனிபாரம் காஞ்சிகினு இருந்துச்சு. நீல கலரு. ஆளுக்கு ஒரு ரூம்பு. வேற ஆஸ்டலா இருந்தா ரூம்புக்கு நாலு பேரு போட்டிருப்பேன். உங்கள்து கவுரவமான ஆஸ்டல்.”

இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லூரியில் அளவையியல் கற்பிக்கிறேன். புகையைக் கண்டு நெருப்பை அறியும் முறையை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். துணியைக் கண்டு அறையை அறியும் முறை இன்றுதான் எனக்கு வாய்த்தது.

என் வீட்டுக் கொடியில் என் வேட்டியும் மரகதத்தின் புடவையும் அன்றி எதுவும் உலர்ந்ததில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு நானே பார்க்கிறேன். வெறும் கொடி. வேறு யார் வீட்டையோ பார்த்துவிட்டு என் தலையில் எழுதியிருக்கிறான்.

ஆகஸ்ட் 17, சனி

கல்லூரி நண்பர் சொன்னபடி ஸ்ரீபெரும்புதூரில் வரி ஆலோசகர் லாசரைப் பார்த்தேன். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கச்சேரித் தெருவில் சலூனுக்கு மேல் ஓர் அறை. அவரிடம் உண்மையிலேயே மாடி இருக்கிறது.

நான் எழுதிச் சென்ற ஆறு பக்க மேல்முறையீட்டை நிதானமாகப் படித்தார். பிறகு பென்சிலை எடுத்து மூன்று வரி தவிர மற்றதை எல்லாம் அடித்தார்.

“படிக்கிற ஆபீசர் சாப்ட்டு வந்து படிப்பார் சார். ஆறு பக்கம் தாங்காது.”

“அதில் உள்ள நியாயம்?”

“உங்களுக்கு நியாயம் வோணுமா, ஆர்டர் வோணுமா? ரெண்டையும் ஒரே ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்க.”

பின்பு சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார். “பகல்ல வூட்ல யாரு சார் இருக்காங்க?”

“என் மனைவி.”

“ஒண்டியாவா?”

இக்கேள்வியின் தரத்தைப் பற்றி அவரிடம் சில சொற்கள் கூறினேன். ஏனோ அவர் வருந்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் வடக்குப்பட்டிலிருந்து எல்லப்பன் என்ற விவசாயி ஒருவர் வந்தார். கையில் தகரப் பெட்டி, பின்னால் மகள்.

“கம்பெனில வேல கெடச்சிருக்குதுங்க. நல்ல ஆஸ்டலுன்னு சொன்னாங்க. சார் ரொம்ப கண்டிப்புன்னும் சொன்னாங்க. அதான் தைரியமா கூட்டியாந்தேன்.”

இது விடுதி அன்று, தனியார் குடியிருப்பு என்பதை மூன்று விதமாக விளக்கினேன். மூன்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எடம் காலி இல்லீங்களா?” என்றார்.

மரகதம் அவர்களுக்கு மோர் கொடுத்தாள். வாசல்வரை போய் அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். ஆறுதலாக இருக்கும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பால்காரன் கேட்கிறான்: “ஆஸ்டலுக்குத் தனி கணக்கா சார்?”

செப்டம்பர் 7, சனி

லாசரின் அறையில் பிரமாணப் பத்திரம் தயாரானது. ‘இவ்வீட்டில் நானும் என் மனைவியும் தவிர வேறு எவரும் தங்குவதில்லை’ என்பது அவருடைய வாசகம். அது தளர்வாக இருந்தது. ‘எந்த நேரத்திலும் இளைப்பாறுவதும் இல்லை’ என்று நான் சேர்த்தேன்.

“அது வேணாம் சார்.”

“ஏன்? உண்மைதானே?”

“கேக்காத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது சார். தங்கறதில்ல. அதோட நிறுத்திக்குவோம்.”

“துல்லியமில்லாத உண்மை பாதிப் பொய்,” என்றேன். மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான் சொன்னபடி தட்டச்சு செய்யச் சொன்னார். கையொப்பமிட்டேன். அடுத்த வாரம் தாக்கல் செய்வதாகக் கூறி மேசை இழுப்பறையில் வைத்தார். மூன்று வரி மேல்முறையீடு சென்ற மாதமே போய்விட்டது; இருபதாம் தேதி மேல்முறையீட்டு அலுவலர் நேரில் வந்து பார்ப்பார்.

நல்ல ஆலோசகர்தான். ஆனால் துல்லியத்துக்கு அஞ்சுகிறார்.

செப்டம்பர் 16, திங்கள்

பஸ் பாஸ் விவகாரத்தில் மாணவர்கள் வேலைநிறுத்தம். மதியமே கல்லூரியை மூடிவிட்டார்கள். மூன்று மணிக்கு வீட்டை அடைந்தேன்.

கொடியில் நீலச் சீருடைகள்.

கூடத்தில் மின்விசிறியின் கீழ் வரிசையாகப் பெண்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் டிபன் கேரியர்கள். ஒருத்தி என் அளவையியல் பாடநூலைத் தலைக்கு வைத்திருந்தாள். அந்நூல் தூக்கத்துக்குப் பயன்படுவது புதிதன்று. என் மாணவர்கள் திறந்து வைத்துத் தூங்குவார்கள், இவள் மூடி வைத்து.

மரகதம் அடுக்களையிலிருந்து வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் விரலை உயர்த்தினாள். “மெதுவா. நேத்து ஞாயித்துக்கெழமகூட ஓ.டி. இதுங்களுக்கு.”

பின்கட்டில் நின்றுகொண்டு சொன்னாள். பக்கத்து ஒயர் கம்பெனியில் முதல் ஷிப்டு இரண்டு மணிக்கு முடிகிறது. ஊருக்குக் கொண்டுபோய் விடும் கம்பெனி பஸ் ஐந்தரைக்கு, ஜெனரல் ஷிப்டுடன்தான். அதுவரை ரோட்டோரம் நிற்பார்கள். மே மாதத்துக்குப் பிறகு நான்கு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் விரட்டியது. ஒரு நாள் சரோஜா என்ற பெண் நம் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். “கதவத் தொறந்தேன். அவ்ளோதான்.” குழாயடியில் சீருடையைத் துவைத்து உலர்த்தி, ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால்தான் நாள் தவறாமல் ஏழு மணிக்கு வெறும் கொடி. அதனால்தான் மோட்டார் காற்று வாங்குகிறது.

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“வந்ததும் மோட்டார் போட்டியா, தபால் வந்துச்சான்னு கேப்பீங்க. அதுக்குப் பதில் சொல்லுவேன். வேற என்னைக்கு இன்னா கேட்டீங்க?”

சத்தத்தில் சரோஜா எழுந்துவிட்டாள். “இவருதான் சாரா அக்கா? நீ சொன்னத வெச்சு இன்னும் வயசானவரா நெனச்சுகினு இருந்தோம்.”

இனி இவர்கள் வரக் கூடாது என்றேன். மரகதம் அடுக்களைக்குத் திரும்பினாள். வீடு பூட்டப்படும் என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. தூங்குகிறார்களே.

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பால்காரனுக்குத் தெரிகிறது. கோதண்டத்துக்கு, ரோட்டிலிருந்தே தெரிகிறது. என் வீட்டைப் பற்றி நான் பிரமாணம் செய்து பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் துல்லியமாக.

செப்டம்பர் 17, செவ்வாய்

லாசரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“தெரியும் சார்.”

“எப்போதிருந்து?”

“எம் பொண்ணு பெனிஷா அந்தக் கம்பெனிலதான் வேல பாக்குது. உங்க வூட்லதான் படுத்துக்கினு இருக்குது. ஏதோ புக்க தலைக்கு வெச்சா நல்லா தூக்கம் வருதாம்.”

 அவர் இழுப்பறையைத் திறந்து பிரமாணப் பத்திரத்தை என் முன் வைத்தார். தாக்கல் செய்யவே இல்லை. “நீங்க திரும்பி வருவீங்கன்னு வெச்சிருந்தேன். வராம இருந்திருந்தா எப்படியாச்சும் தொலைச்சிருப்பேன்.”

கிழித்தேன். இனி கோப்பில் அவருடைய மூன்று வரி மட்டுமே.

“வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு ஆபீசரைக் கூட்டியாந்துடறேன். ஷிப்டு முடியறதுக்கு மின்ன ஆள் போயிடுவார். உங்களுக்கு ஆர்டர், இதுங்களுக்கு பாய். கவலப்படாதீங்க.”

மரகதத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கூடத்தில் பாய்கள் சுருட்டியபடியே சுவரோரம் நிற்கின்றன.

செப்டம்பர் 20, வெள்ளி

பதினோரு மணி அலுவலர் ஒன்றே காலுக்கு வந்தார். பரசுராமன். ஸ்ரீபெரும்புதூர் மெஸ்ஸில் முழுச் சாப்பாடு முடித்திருந்தார். உடன் கோதண்டம், லாசர்.

முதலில் மாடிப்படி. நால்வரும் ஏறினோம். மேலே மொட்டை வெயில்.

“ரூமுங்க எங்கய்யா?” என்றார் பரசுராமன்.

கோதண்டம் நாற்புறமும் பார்த்தார். “கட்டுவாங்க சார்.”

நாம் இப்போது எந்த எண் அறையில் நிற்கிறோம் என்று வினவினேன். லாசர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

கீழே வந்ததும் கோதண்டம் மரியாதையாக ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்; பரசுராமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். மரகதம் மோர் கொடுத்தாள். மின்விசிறி ஓடியது. “அஞ்சு நிமிஷம்,” என்று கண்ணை மூடினார். மூன்றாவது நிமிடம் குறட்டை வந்தது.

எழுப்பலாமா என்று லாசரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எழுப்பாமலிருக்கவும் முடியாது என்று கடிகாரத்தைக் காட்டினார். சிறிது நேரத்தில் வெளிக்கதவுக்கு அப்பால் அவர்கள் வந்து நின்றார்கள். ஜீப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. முன்னால் சரோஜா. பின்னால், எல்லப்பனின் மகள்.

லாசர் என் காதருகே, “திருப்பி அனுப்பிடுங்க சார். ஒரு நாள்தான,” என்றார். அவருடைய மகளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள்.

நான் போய்க் கதவைத் திறந்தேன். “வாருங்கள். சத்தம் மட்டும் வேண்டாம். அதிகாரி தூங்குகிறார்.”

“அவருக்கும் ஓ.டி.யா சார்?” என்றாள் சரோஜா.

நாற்காலியைச் சுற்றிப் பாய் விரித்தார்கள். பரசுராமன் விழித்தபோது மணி நாலு இருக்கும். சுற்றிலும் பெண்கள் தூங்க, நடுவே தாம் மட்டும் உட்கார்ந்திருப்பதை நெடுநேரம் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். நினைத்தும், இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

ஆணை வந்துவிட்டது. ‘மேற்படி கட்டடம் குடியிருப்பே. மாடி நீக்கப்படுகிறது. பிற்பகலில் காணப்படும் பெண்கள் மனுதாரர் தசரதனின் உறவினர்கள் என நேரடி விசாரணையில் உறுதியாகிறது.’

லாசரிடம் காட்டினேன். “வேற இன்னா சார் எழுதுவார்? ஆஸ்டல்னு எழுதினா, அங்க அவர் தூங்கினதையும் சேத்து எழுதணுமே.”

இவ்வாணை பிழையானது. ஒருத்தி வடக்குப்பட்டு, ஒருத்தி மணிமங்கலம், ஒருத்தி லாசரின் மகள். எவரும் எனக்கு உறவில்லை. பிழையைத் திருத்தக் கோரி மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

தேர்வு வாரம். மதியமே வந்துவிட்டேன். உள்ளே எல்லோரும் தூக்கம், மரகதம் உட்பட. நாலு மணிக்குத் தெற்கே கறுத்துத் தூறல் போட்டது. கொடியிலிருந்த சீருடைகளை எடுத்து வந்து மடித்து வைத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை.